கடன் கேட்டு வருபவரே முதலாளி!
கூட்டுறவு சங்க வேலைக்குப் போகும் பட்டதாரிகள் கவனிக்க...

தேனியில் இருந்து கம்பம் போகும் ரோட்டில், முல்லையாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவில் அக்னிச்சட்டி எடுக்க ஜனங்கள் திரளும் கவுமாரியம்மன் கோவில் ஊர்.

நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகிற பூமி இது. ஆனால் வயலில் இறங்குமுன் சம்சாரிக்குக் கையில் பணம் வேண்டுமே! பயிர்க்கடன், உரம், நகைக்கடன் என்று அவர் தேடிப்போகும் இடம் கூட்டுறவு கடன் சங்கம்.

டிகிரி முடித்த வாலிபர்களும் பெண்களும் அந்தப் படி ஏறுகிறார்கள். கடன் வாங்க அல்ல, வேலை பார்க்க!

முதலாளி யார்?

பாங்கி கவுண்டரில் நிற்பவர் வாடிக்கையாளர். சங்கத்தில் நிற்பவரோ பங்குத் தொகை கட்டிய உறுப்பினர். அதாவது முதலாளி! 10 ஏக்கர்காரர் ஆனாலும், 50 சென்ட்காரர் ஆனாலும் ஓட்டு ஒன்றுதான்.

1844-ல் இங்கிலாந்தில் ராக்டேல் நகரில் 28 பேர் காசு சேர்த்துத் திறந்த மளிகைக் கடைதான் இதற்கெல்லாம் வழிகாட்டி. நம் நாட்டில் 1904-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் முதல் கடன் சங்கம் பதிவானது. இன்று தமிழ்நாட்டில் 4,400-க்கும் மேற்பட்ட சங்கங்கள் உள்ளன.

எப்படிச் சேருவது?

உதவியாளர் வேலைக்கு டிகிரி மட்டும் போதாது. கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். மதுரை போன்ற ஊர்களில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் இந்தப் பட்டயப் பயிற்சி நடக்கிறது. பிறகு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்தும் எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு.

"வேலை வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்கும் புரோக்கர்களிடம் உஷார்!

யார் பணம்?

பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. கெடு தப்பினால் வட்டி சம்சாரி தலையில் விழும். தேதியை அவருக்கு ஞாபகப்படுத்துவது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தின் பணம் அதில் இருக்கிறது.

2021-ல் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. ஆய்வு நடந்தபோது, கவரிங் நகைக்குக் கடன் கொடுத்தது உள்பட பல முறைகேடுகள் அம்பலம் ஆயின. அப்படிப் போனது யார் பணம்? கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்றவர்களின் பணம்!

பெரிய கம்பெனி சம்பளத்தை நினைத்து வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். இன்னொன்றும் உண்டு. கம்பெனியில் தப்பு நடந்தால் மானேஜர் கேட்பார். இங்கே டீக்கடையில் கேட்பார்கள்.

"கணக்கு சரியா இருக்கா தம்பி?" என்று கேட்க பங்கு கட்டிய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பேரேட்டை விரித்து, "பாருங்கய்யா" என்று நிமிர்ந்து சொல்லத் தெரிந்தவருக்கே இந்த நாற்காலி!