ஒரு பைசா இதழும் ஒரு பைசா தபாலும்

1907 ஜூன் 19. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை ஒரு பைசா. நகரத்தில் கைக்குக் கை விற்றுவிடலாம். கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டிய நம் மக்களுக்கு அதை எப்படி அனுப்புவது?

அன்றைய தபால் விதி 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டத்தில் இருந்தது. தபால் துறையில் பதிவு செய்த பத்திரிகைக்குக் கட்டணச் சலுகை உண்டு. எடை குறைந்த இதழுக்குக் கால் அணா போதும். கால் அணா என்றால் ஒரு பைசாதான். இதழின் விலை எவ்வளவோ அவ்வளவு தபால் செலவு! சலுகை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சலுகை சும்மா கிடைக்காது. இதழ் 31 நாளுக்கு ஒருமுறையாவது வரவேண்டும். செய்தியோ நடப்பு விவகாரமோ பெரும்பகுதி இருக்கவேண்டும். உண்மையான சந்தாதாரர் பட்டியலும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இவர்களுக்கு எழுத்து எதற்கு’ என்று ஊர் கேட்ட காலத்தில், நம்மவர்களின் பெயரும் முகவரியும் வாசகர்களாக ஒரு பட்டியலில் ஏறின. வெள்ளையன் நம்மை நினைத்து எழுதிய விதியல்ல அது. ஆனாலும் நமக்கு உதவியது.

‘தமிழன்’ இதழைப் பண்டிதர் 1914இல் தாம் மறையும்வரை நடத்தினார். அதற்கு முன்பே, 1893இல், இரட்டமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழ்கள் முழுமையாக இன்று கிடைக்கவில்லை. மாணவர்களே, வீட்டுப் பரணில் பழைய தாள்கட்டு இருந்தால் எடைக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். மேலுறையில் முகவரி இருந்தால் அதையும் கிழிக்காதீர்கள்.