எந்த அரசு, எதற்கு அங்கீகாரம்?

பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே பேருந்து நிலையச் சுவர்களில் உள்ளூர்க் கல்லூரிகளின் சுவரொட்டிகள் ஏறிவிடுகின்றன. 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஒரு வரி, 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு வரி. முதல் வரி விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்து இரண்டாவதில் இருக்கிறது, அது முழுப் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையைப் பதிந்தால் ஒரு பதிவு எண் வரும். உத்யம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிந்தால் இந்திய அரசின் சின்னத்தோடு சான்றிதழே வரும், அதுவும் இலவசமாக. ஐஎஸ்ஓ 9001 தணிக்கை நிறுவனங்கள் தருவது. நிர்வாக முறையைத்தான் பார்க்கும், படிப்புக்கு மதிப்புண்டா என்று பார்க்காது. ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்ட மூன்றும் அழகாக இருக்கும். ஒரு படிப்பை நடத்த இவற்றில் எதுவும் அனுமதி ஆகாது.

இதில் அதிகம் அடிபடுவது நர்சிங் சேரும் பெண்கள் என்பேன். ஏஎன்எம் 2 ஆண்டு, ஜிஎன்எம் 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்தால்தான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிய முடியும். மாடி அறையில் நடக்கும் ஓராண்டு 'நர்சிங் டிப்ளமோ'வுக்கு அந்தப் பதிவு இல்லை. வேலையே கிடைக்காது என்றில்லை. சின்ன மருத்துவமனைகள் கூப்பிட்டுக் கொடுக்கும். பதிவில்லாதவர் கூடுதல் சம்பளம் கேட்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) வழியாக அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில் பதிவு எண்ணைக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

கல்லூரி உண்மையானது என்றாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஐடிஐக்கு இணைப்பு தரப்படுவது தொழிற்பிரிவு வாரியாக. ஃபிட்டருக்கு வாங்கியது வெல்டருக்குச் செல்லாது. பாலிடெக்னிக் என்றால், ஏஐசிடிஇ தந்த ஒப்புதல் நீட்டிப்புக் கடிதத்தில் பாடப்பிரிவுகளும் இடங்களும் இருக்கும். அதில் தேட வேண்டியது கல்லூரியின் பெயரை அல்ல, நம் பிள்ளை சேரும் பிரிவையும் ஆண்டையும்.

பெயருள்ள நிறுவனம் என்பதும் காப்பாற்றாது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏஐசிடிஇ ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித்தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிற்கும். அவர்களில் பலர் அதற்குள் அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வும் வாங்கியிருந்தார்கள்.

இத்தனையும் விசாரிப்பதற்குள் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒன்று கேட்பார்: இடம் போய்விடும், அட்வான்ஸோடு டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலையும் கொடுத்துவிடுங்கள். யுஜிசியின் 2018 அறிவிப்பின்படி, அசலைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும். செயலாக்கச் செலவுக்கென்று பிடிப்பது மட்டும் அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆனால் அது பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளுக்கும் உரிய விதி. அறக்கட்டளைப் பதிவில் ஓடும் மாடி அறை அதற்குள் வராது. அங்கே டிசி போனால், மீட்பதற்குக் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ நடக்க வேண்டியதுதான்.