பாறை ஏறும் பிள்ளைக்கு எந்த ஷூ வாங்கலாம்?

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு வெறுங்கால் புதிதல்ல. ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில், வெயிலில் காய்ந்த கல்லின் மேல் ஓடியிருப்பார்கள். வீட்டில் குழித்தறி இருந்தால், அப்பா வெறுங்காலால் மிதிப்பதைத் தினமும் பார்த்திருப்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை, "போல்டரிங் போறேன், அதுக்குத் தனி ஷூ வேணும்" என்று வந்து நின்றால் நமக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

கயிறு கட்டாமல், கீழே தடிமனான மெத்தை போட்டுக்கொண்டு, உயரம் குறைந்த பாறையிலோ செயற்கைச் சுவரிலோ ஏறுவதுதான் போல்டரிங். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற ஏறுதல் போட்டியில் இதுவும் ஒரு பிரிவு.

சுவருக்கு ஒன்று, பாறைக்கு ஒன்றா?

உள்ளரங்கில் பிளாஸ்டிக் பிடிகள் பெரிதாக இருக்கும். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அதற்கு, ஒட்டும் பட்டை வைத்த மென்மையான ஷூ வசதி. வெளியே, ஹம்பிக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஆனேகுந்திப் பக்கத்துக் கருங்கல் சொரசொரப்பானது. ரப்பரைச் சீக்கிரம் தேய்த்துவிடும். பாதாமியின் மணற்கல்லில் மெல்லிய விளிம்புகளில் நிற்க வேண்டும். அங்கே அடிப்பாகம் சற்று விறைப்பாக இருந்தால் கால் சோராது. ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு, தட்டையான அடியும் 4 மி.மீ. அளவு ரப்பரும் உள்ள ஒரே ஜோடி இரண்டுக்கும் போதும். முனை கீழ்நோக்கி வளைந்தவை, முன்சாய்ந்த சுவர்களில் ஏறும் அனுபவசாலிகளுக்கானவை.

இறுக்கம் எவ்வளவு?

"இரண்டு சைஸ் சின்னதா வாங்கு" என்று சீனியர்கள் சொல்வார்கள். வளரும் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். நகம் கறுக்கும், நாளடைவில் கட்டைவிரல் மூட்டு புடைத்து விரலே கோணிக்கொள்ளும். விரல் நுனி ஷூவின் முனையைத் தொட வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது. குதிகாலில் இடைவெளி இருக்கக் கூடாது. வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும். எனவே நீளத்தோடு அகலத்தையும் பாருங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பார்ப்பது நல்லது. தோல் ஷூ பழகப் பழகத் தளரும். செயற்கைத் துணி அவ்வளவு தளராது.

முதல் சில வாரங்கள் பயிற்சி அரங்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஷூவே போதும். ஆர்வம் நிலைத்த பிறகு வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய் வீணாகாது.

பராமரிப்பு

அந்த ஷூவோடு மண்ணில் நடக்கக் கூடாது. தூசி படிந்த ரப்பர் வழுக்கும். ஏறும் முன் ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

இன்னொன்று, நம் ஊரிலிருந்து மாமல்லபுரம் பக்கம்தான். ஆனால் அங்குள்ள புராதனச் சின்னங்கள் ஏறிப் பழகுவதற்கு அல்ல என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை "விரல் இடிக்குதா?" என்று கேளுங்கள். இடித்தால், ரப்பர் தேயாமல் இருந்தாலும் அடுத்த அளவுக்கு மாற வேண்டியதுதான்.