கொட்டகையில் ஒரு விமானம்

1910-ஆம் ஆண்டு. பிரெஞ்சுக்காரர் பிளெரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி ஓராண்டுகூட ஆகவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற ஐரோப்பியருக்கும் பறக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கப்பலில் விமானம் வரவழைக்க அவர் நினைக்கவில்லை. தானே வரைந்தார். கோச்சு வண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்சன் கம்பெனியிடம் கொடுத்துச் செய்து வாங்கினார். சின்ன எஞ்சின் ஒன்றைப் பொருத்திப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்கே பறந்து காட்டினார் என்று சென்னை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானங்களில் ஒன்று வண்டிப் பட்டறையில் பிறந்தது.

அன்று ஓட்டல்காரருக்கு முடிந்தது இன்று சாதாரண ஒருவருக்கு முடியுமா? காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன தேவைப்படும்?

பெட்டியில் வரும் விமானம்

உலகத்தில் இது புதுமையே இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட், அரை நூற்றாண்டாக விமான 'கிட்' விற்கிறது. அதை வாங்கிக் கட்டியவர்கள் வீட்டு கார் ஷெட்டுகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட விமானங்களைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். பெங்களூருவின் ராஜ்ஹம்சா நிறுவனம் அலுமினியக் குழாயும் துணியும் கொண்ட 'எக்ஸ்-ஏர்' விமானத்தைக் கிட்டாகவே பல நாடுகளுக்கு அனுப்பியது.

கிட் என்றால், வரைபடக் கட்டும் வெட்டி வளைத்த தகடுகளும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளும் அடங்கிய மரப்பெட்டிகள். எஞ்சின், புரொப்பல்லர், கருவிகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். சின்ன விமானத்துக்கே சில நூறு மணி நேரம் வேலை இருக்கும். பெரிதானால் 1,500, 2,000 மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய்வந்து மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் செய்பவருக்கு இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானத்துக்கு ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவர் தன் கையால், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்பார்கள். காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டினால் அது வீட்டு விமானக் கணக்கில் சேராது.

ஓட்டையும் பிசிறும்

அலுமினிய விமானம் கட்டுபவரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது ஓட்டைதான். தகட்டின் கனம் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். செம்பு கலந்த 2024 என்ற அலுமினியக் கலவை. அரிப்பைத் தடுக்க அதன் மேல் சுத்தமான அலுமினியப் பூச்சு. இரண்டு தகட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஸ்பிரிங் வைத்த தற்காலிகப் பிடிப்பான்களை ஓட்டைகளில் செருகி நிறுத்தி, டிரில்லால் சரியான அளவுக்கு விரித்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். கழற்றியதும் ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பையும் சுற்றி எழும்பி நிற்கும் பிசிறை எடுக்க வேண்டும். மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டிலும். பிறகு பிரைமர் அடித்துக் காயவைத்து, திரும்பப் பூட்டி, அதற்கப்புறம்தான் ரிவெட்.

ரிவெட் தலை மூடிவிடப்போகிற பிசிறுக்கு எதற்கு இத்தனை பாடு? இழுக்கப்படும் தகட்டில் வட்டமான ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் இழுவிசை மற்ற இடத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அந்த விளிம்பில் பிசிறோ கீறலோ இருந்தால் விசை இன்னும் கூர்மையாக அங்கே குவியும். ஒரே ஒரு தடவை இழுத்தால் தகடு தாங்கிக்கொள்ளும். ஆனால் இறக்கை ஒவ்வொரு காற்றுக் குலுக்கலுக்கும் மேலும் கீழும் வளைகிறது. ஆயிரம் முறை, லட்சம் முறை வளைந்தபின் கீறலின் நுனியிலிருந்து விரிசல் நகரத் தொடங்குகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்கு இந்தச் சோர்வே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. விமானம் எவ்வளவு சின்னதானாலும் உலோகத்துக்கு இந்த விதி மாறாது.

துணி இறக்கை

தகட்டு வேலை வேண்டாம் என்பவர்களுக்குத் துணி இருக்கிறது. இந்த இடத்தில் நெசவோடு பழகிய காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இறக்கையில் போர்த்தியிருந்தது சாதாரணப் பருத்தி மஸ்லின். பெண்களின் உள்ளாடைக்கு விற்ற ரகம். அதை அவர்கள் நேராகப் போர்த்தாமல் 45 டிகிரி சாய்த்துத் தைத்தார்கள். பாவு நூல் போகும் திசையிலோ ஊடை போகும் திசையிலோ இழுத்தால் துணி விடாது. மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். கிராஸ் கட் ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்பதற்குக் காரணமான அதே குணம்தான். ரைட் சகோதரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். துணி சாய்வாக இருந்ததால் நூல்கள் இறக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை ஓடின. சட்டம் கோணிக்கொள்ள முயன்றபோதெல்லாம் அவை இழுத்துப் பிடித்தன. காற்றைத் தடுக்கப் போட்ட துணியே சட்டத்துக்கு முட்டுக்கொடுக்கவும் செய்தது.

பருத்திக்கும் லினனுக்கும் பதில் இப்போது பாலியெஸ்டர். இறக்கையின் விலா எலும்புகள் மேல் தளர்வாக ஒட்டி, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியாலேயே இறுக்குகிறார்கள். சூடு பட்டால் பாலியெஸ்டர் சுருங்கும். ஆனால் பெட்டியின் திருகில் எழுதியிருக்கும் அளவை நம்பக் கூடாது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். படிப்படியாகச் சூட்டை ஏற்றி, கடைசிச் சுற்றில் ஏறக்குறைய 177 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டி அதிகம் போனால் துணி இறுகுவதற்குப் பதில் தளர்ந்துவிடும். பிறகு பிரித்தெடுத்துப் புதுத்துணிதான். இறுகியதும் மெழுகு நூலால் ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைத்து, பூச்சு அடித்தால் வேலை முடிந்தது.

எஞ்சினும் எடையும்

இந்த வகை விமானங்களில் அதிகம் காணப்படும் எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912. அதன் பிரபலமான ரகம் 1,352 சிசி, ஒரு சின்ன கார் எஞ்சினின் அளவு. அது 100 குதிரைத்திறன் தரும். அப்போது நிமிடத்துக்கு 5,800 சுற்று. அந்த வேகத்தில் 1.7 மீட்டர் புரொப்பல்லரை நேரடியாகச் சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு 516 மீட்டர் வேகத்தில் பாயும். ஒலியின் வேகமோ சுமார் 350 மீட்டர்தான். ஒலியைத் தாண்டிய நுனி காதைப் பிளக்கும் சத்தத்தை எழுப்புமே தவிர விமானத்தை ஒழுங்காக இழுக்காது. அதனால் நடுவில் ஒரு கியர் வைத்து வேகத்தை 2.43-ஆல் வகுக்கிறார்கள். நுனி 212 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு தனித்தனி மின்சுற்று. ஒன்று செத்தாலும் இன்னொன்று வீடு சேர்க்கும்.

அடுத்தது எடை. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோ, இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர் உள்ள விமானம், ஃபிளாப் இறக்கிய நிலையில் மணிக்கு சுமார் 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் காற்றில் நிற்காது. சித்திரை வெயிலில் 38 டிகிரி இருக்கும்போது காற்று மெலிந்து அந்த 80, 83 ஆகிறது. விமானத்தில் 60 கிலோ கூடுதலாக ஏற்றினால் 84. வெயிலும் எடையும் சேர்ந்தால் 87. எஞ்சினுக்கும் அதே மெலிந்த காற்றுதான் கிடைப்பதால் அதன் வலுவும் குறையும். ஓடுபாதை இன்னும் நீளமாக வேண்டும். வீட்டில் கட்டுபவர் ஆசைக்குச் சேர்க்கும் தடிமனான சீட்டும் கூடுதல் பெயிண்டும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். முடிந்த விமானத்தின் மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுகிறார்கள். மையம் அளவுக்கு மீறி முன்னால் இருந்தால் இறங்கும்போது மூக்கு தூக்காது. பின்னால் போய்விட்டால் நிலை மோசம். வேகம் குறைந்து மூக்கு மேலே போகும்போது அதைக் கீழே கொண்டுவர வால் பகுதிக்குப் பலம் போதாது.

மூன்று மனிதர்கள்

இந்தியர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. பள்ளிப்படிப்பு ஏழாவதோடு நின்றது. பல வருஷம் உழைத்து இரண்டு பேர் உட்காரும் இலகு விமானத்தைச் செய்தார். 2014-இல் அது பறந்தது தமிழ்நாட்டில், நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில். மும்பையின் அமோல் யாதவ், விமானி. காந்திவிலியில் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் கூட்டம் கூடிப் பார்த்தது. ஆனால் பதிவு எண் கிடைத்தது 2017-இல். துலேயில் பறந்தது 2020-இல்.

ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தின் எசெக்ஸில் எஞ்சினியர். ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கிட்டை வாங்கி, நான்கு இருக்கை விமானத்தை ஏறக்குறைய 18 மாதத்தில் முடித்தார். செலவு சுமார் 1,40,000 பவுண்டு. 2022-இல் பறந்தார், குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கும் போய்வந்தார்.

மூவரில் அசோக்குக்கு மட்டும் பாதை நேராக இருந்தது ஏன்? யாதவும் சஜியும் தாங்களே வடிவமைத்தவர்கள். அசோக்குக்கோ சோதித்த வடிவம் கிட்டாகக் கிடைத்தது, பணமும் இருந்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. இங்கிலாந்தில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு, அரசின் ஒப்புதலோடு, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு இன்ஸ்பெக்டர்களை வைத்திருக்கிறது. இறக்கையின் கடைசித் தகட்டை மூடுமுன் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். ரிவெட் சாய்ந்திருக்கிறதா, கேபிள் எங்கேயாவது உரசுகிறதா, நட்டுகளில் பூட்டு ஊசி இருக்கிறதா? கையெழுத்துப் போட்டால்தான் மூடலாம். அமெரிக்காவிலும் கட்டியவரின் பதிவேடும் புகைப்படங்களும் பார்க்கப்படும். வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறித்த எல்லைக்குள் சோதனைப் பறப்பு முடித்தபிறகே வேறு ஆளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற முடியும்.

நம் பத்திரிகைகளில் இத்தகைய செய்தி எப்போதும் ஒரு மேதையின் கதையாகவே வருகிறது. 'சொந்தமாக விமானம் செய்தார்' என்று படம் போடுவதோடு முடிந்துவிடும். அதை யார் சோதித்தார்கள் என்று கேட்பதில்லை. கைகளுக்கு இங்கே குறைவில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகளில் தகட்டோடு பழகிய இளைஞர்கள் முசரவாக்கத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949 முதல் விமானப் பொறியியல் கற்பிக்கிறது. அப்துல் கலாம் படித்த இடம். பரந்தூரில் பெரிய விமான நிலையத்தைப் பற்றி வருஷக்கணக்கில் பேச்சும் போராட்டமும் நடக்கின்றன. கொட்டகைக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுப்பாகக் கையெழுத்துப் போடும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அது இல்லாதவரை ஒவ்வொருவரும் தனியாகப் போராடித்தான் பறக்க வேண்டும். பதிவும் அனுமதியும் இல்லாமல் கிளம்புவதோ சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை.

ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. பல கம்பெனிகள் வால் பகுதிக் கிட்டைத் தனியாக விற்கின்றன. விலை மொத்தத்தில் சிறு பங்கு. விமானத்தின் எல்லா வேலையும் சின்ன அளவில் அதில் இருக்கும். அதை முடித்து, தன்னைவிடக் கறாரான ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் 'இந்த வரிசையைப் பிரித்து மறுபடி அடி' என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் டிரில்லைக் கையில் எடுப்பவர் இறக்கைக்கு ஆர்டர் கொடுக்கலாம். வாதாடத் தொடங்குபவருக்கு அந்த வாலோடு போதும்.