அம்மை இறங்கிய பிறகு...

போன வருடம் ஏப்ரலில், விடுமுறைக்காக மும்பையிலிருந்து சித்தூருக்குப் போயிருந்தோம். போன நாலாம் நாளே என் பெண்ணுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகி, "கங்கம்மா வந்திருக்கா, பத்து நாள்ல இறங்கிடுவா" என்றார். அப்படியே இறங்கியது. தலைக்குத் தண்ணீரும் ஊற்றினோம். முகத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் நின்றுவிட்டன.

பதிமூன்று வயதுப் பெண். மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போன இடத்தில் உறவுக்காரர் ஒருவர், "ஐயோ, லட்சணமான முகம் இப்படி ஆயிடுச்சே!" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் போட்டோவுக்கு நிற்கவில்லை.

எனக்கும் பதற்றம். மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கித் தடவினேன். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்றது. மூன்று வாரம் தடவி நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பொரிப்பொரியாக வந்தது.

திருப்பதியில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினோம். டியூபைப் பார்த்தவர், "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா" என்றார். இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. சீட்டில்லாமல் கேட்டது நான்தானே!

அவர் பொறுமையாக விளக்கினார். கறுப்புப் புள்ளி வேறு, பள்ளம் வேறு. புண் ஆறிய இடத்தில் தோல் நிறமியை அதிகம் உண்டாக்குவதால் வருவது கறுப்பு. நம் மாநிறத் தோலில் அது சற்று அதிகம். பெரும்பாலும் சில மாதங்களில் தானே மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஆகவே குடையும் சன்ஸ்கிரீனும் அவசியம். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்துவிடும்.

பள்ளம் விழுவது பெரும்பாலும் கொப்புளத்தைச் சொறிவதாலும், சீழ் வைப்பதாலும்தான். அது தானாக நிரம்பாது. லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு, அவசரமில்லை. அம்மை கண்டதுமே பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது நல்லது. ஜப்பானில் 1974-ல் டாக்டர் தகாஹாஷி கண்ட தடுப்பூசியும் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தீபாவளிக்குள் புள்ளிகள் மங்கிவிட்டன. நெற்றியில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. ஆனாலும் யாராவது கேமராவை எடுத்தால் அவள் கை நெற்றிக்குத்தான் போகிறது. அம்மை கண்ட பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீரோ பழமோ வாங்கிப் போங்கள். முகத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.