நாற்பத்தாறா, நாற்பத்தெட்டா?

ஒரு தோடம்பழத்தினுள் 20 கிலோமீற்றர் நீளமான நூலை அடக்கவேண்டும். நூலோ தலைமயிரிலும் மெல்லியது. அடக்கினால் மட்டும் போதாது. அது சிக்குப்படவுங் கூடாது. நூலின் எந்தப் பகுதியைக் கேட்டாலும் அதனை அறுக்காமல் எடுத்துக் காட்டவும் வேண்டும். நெசவுத் தொழிலிற் கைதேர்ந்தவரும் இயலாதென்று கையை விரிக்கும் இக்காரியம், மனித உடலின் கலங்களில் ஓயாது நடைபெற்று வருகின்றது.

உடலின் கலவகைகள் பெரும்பாலானவற்றில் கரு என்னும் ஓர் உறுப்பு உண்டு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் ஏறத்தாழ ஆறு கூறாகும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் இயல்புகளைத் தாங்கி நிற்கும் டீ. என். ஏ. என்ற பொருள் அக்கருவினுள் இழையிழையாக இருக்கின்றது. ஒரு கலத்தின் இழைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். கருவைப் பதினாயிரம் மடங்கு பெருப்பித்தால் அது தோடம்பழத்தின் பருமனை அடையும். இழை 20 கிலோமீற்றர் ஆகிவிடும்.

இத்துணை நீண்ட இழை அடங்கும் விதம் யாது? தையற்காரர் நூலை நூல்கட்டையிற் சுற்றி வைப்பதை யாவரும் கண்டிருப்பர். கருவினுள்ளும் அத்தகைய கட்டைகள் உள. ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு ஒன்றுசேர்ந்து ஒரு கட்டையாகின்றன. அதன்மேல் இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டு அடுத்த கட்டைக்குச் செல்கின்றது. 1974ஆம் ஆண்டில் ரோஜர் கோர்ன்பேர்க் என்பார் இவ்வமைப்பினை எடுத்துரைத்தார். மணிகோத்தாற் போன்ற இவ்விழை மேலும் வளைந்து, கண்ணிகளாக மடிந்து, கருவினுள் தனக்குரிய இடத்தில் அமைந்துகொள்கின்றது.

இந்த அடுக்குமுறை இடத்தை மிச்சப்படுத்துவதற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. ஈரலின் கலத்திலும் நரம்பின் கலத்திலும் இருப்பது ஒரே டீ. என். ஏ. தான். ஆயினும் ஒன்றில் இறுகச் சுருண்டு மூடிக்கிடக்கும் பகுதி மற்றொன்றில் தளர்ந்து திறந்திருக்கும். திறந்த பகுதியே தொழிற்படும். எனவே, ஒரு கலம் ஈரலாவதும் நரம்பாவதும் அதனிடமுள்ள ஏட்டினால் மட்டுமன்றி, அவ்வேட்டில் எப்பக்கம் திறந்திருக்கின்றது என்பதனாலும் அமைகின்றது.

கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் இழைகள் மேலும் இறுகித் தடித்த கோல்களாகின்றன. சாயத்தை நன்கு ஏற்பதனால் இவற்றுக்கு நிறமூர்த்தங்கள் என்று பெயர். நுணுக்குக்காட்டியிற் பார்ப்பவருக்கு இவை தெளிவாகத் தெரியும். தெரிந்தும், மனிதனுக்கு எத்தனை நிறமூர்த்தங்கள் என்ற எளிய வினாவுக்கு நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் தெக்சாசைச் சேர்ந்த தியோபிலஸ் பெயின்டர் என்னும் அறிஞர் 1923ஆம் ஆண்டில் அத்தொகை 48 என்று வெளியிட்டார். அவர் பார்த்த கலங்களில் நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, விறகுக் கட்டினைப் போல நெருங்கியிருந்தன. எண்ணுவது பெரும்பாடு. எனினும், ஒருமுறை அச்சேறிய எண் பாடநூல்தோறும் சென்றது. பின்வந்தோரும் 48 என்றே எண்ணினர்.

1952ஆம் ஆண்டில் ரீ. சி. சு என்ற ஆய்வாளருக்கு ஒரு தற்செயல் வாய்த்தது. கலங்களைக் கழுவும் உப்புக் கரைசல் தவறுதலாக உப்புக் குறைந்ததாக அமைந்துவிட்டது. கலங்கள் நீரை உறிஞ்சிப் பருத்தன; உள்ளேயிருந்த நிறமூர்த்தங்கள் விலகித் தனித்தனியே பரந்தன. இனி எண்ணுவதில் என்ன தடை? ஆனால் அவரும் 48 என்றே கூறினார். கட்டு அவிழ்ந்த பின்னும் பழைய எண்ணம் அவிழவில்லை.

சாவகத்திற் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர், சுவீடனில் லுண்ட் நகரில் அல்பேர்ட் லெவானின் ஆய்வுகூடத்தில் இம்முறையை மேலுந் திருத்திக் கையாண்டார். 1955ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எண்ணியபோது 46 மாத்திரமே இருந்தன. கலத்துக்குக் கலம் எண்ணியும் தொகை மாறவில்லை. 1956ஆம் ஆண்டில் இருவரும் அதனை வெளியிட்டனர். முப்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த கணக்கு வீழ்ந்தது.

இரண்டு கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை மூன்றாண்டுகளுள் வந்தது. மனவளர்ச்சி தாமதித்து, முகத்தோற்றத்தில் சில தனி அடையாளங்களுடன் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஆங்கில மருத்துவர் லாங்டன் டவுன் 1866ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். காரணம் தெரியாத இடத்திற் பழி புகுந்தது. பெற்றோரின் நோய், தந்தையின் குடி எனப் பலவும் கூறப்பட்டன. குழந்தையை ஏந்திய தாய் பிறர் பேச்சையும் ஏந்த வேண்டியதாயிற்று.

1959ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜன், ரேமொன் துர்பான் ஆகியோர் அத்தகைய குழந்தைகளின் கலங்களில் 47 நிறமூர்த்தங்களைக் கண்டனர். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருந்தது. இயல்பான தொகை 46 என்று உறுதிப்பட்டிருந்தமையாலேயே 47 என்பது மிகை என்று தெரிந்தது. பழைய 48 நிலைத்திருந்தால் அதனைக் குறை என்றே கொண்டிருப்பர்.

பெரும்பாலும் முட்டைக்கலம் உருவாகும்போது இணையாயுள்ள இரண்டும் பிரியாது ஒருங்கே சென்றுவிடுவதே இதற்குக் காரணம். தாயின் வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்பும் ஏறும். ஆனால் இது ஒருவர் செய்த பிழையன்று. தாயின் உணவோ நடத்தையோ இதனை விளைவித்ததில்லை. நல்ல மருத்துவமும் கல்வியும் கிடைக்குமிடங்களில் இக்குழந்தைகளுட் பலர் வளர்ந்து, தொழில் செய்து, அறுபது வயதையும் எட்டுகின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத கருவினுள் ஒரு கோல் மிகுந்தது. அதனைச் சரியாக எண்ணியறிந்த பின்னரே, குற்றமற்ற தாய்மார்மீது சுமத்தப்பட்ட பழி நீங்க வழி பிறந்தது.