விற்பனைப் பயணமும் வீட்டாரின் உரிமையும்

ஞாயிற்றுக்கிழமை இரவு. கட்டிலின் மீது பயணப் பெட்டி திறந்து கிடக்கிறது. நான்கு சட்டைகள், மாதிரிப் பொருள்கள், விலைப்பட்டியல், ஆர்டர் புத்தகம், தொழுகை விரிப்பு என ஒவ்வொன்றாக மனைவி எடுத்து வைத்துக் கொண்டிருக்கிறார். அருகில் நிற்கும் மகள் கேட்கிறாள்: "அத்தா, இந்தத் தடவை எத்தனை ராத்திரி?"

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி ஒலிக்கிறது. வெளியூர் மொத்த வியாபாரி அழைக்கிறார். பேச்சு முக்கால் மணி நேரம் நீள்கிறது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கேள்வி கேட்ட பிள்ளை உறங்கிப் போயிருக்கிறாள்.

வாசகப் பெருமக்களே! மருந்து, ஜவுளி, தோல், காலணி, வீட்டு உபயோகப் பொருள் என்று ஏதேனும் ஒரு சரக்கை ஊர் ஊராகச் சென்று விற்கும் சகோதரர்கள் நம்மில் ஏராளமாக இருக்கின்றனர். அவர்களுடைய இல்லங்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வணிகமும் பயணமும் நமக்கு அந்நியமானவை அல்ல. குறைஷியர் மாரியிலும் கோடையிலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களைத் திருக்குர்ஆன் ஓர் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை ஏற்றுக்கொண்டு ஷாம் நாட்டுக்குச் சென்று வந்தார்கள். பிறருடைய பொருளை நம்பிக்கையோடு விற்றுக் கொடுப்பது எத்துணைக் கண்ணியமான தொழில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்து நம் முன்னோர் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றனர். 'சபர்' என்னும் சொல் நம் வீடுகளில் இன்றும் புழங்குகிறது.

எனவே குறை தொழிலிலும் இல்லை, பயணத்திலும் இல்லை. யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்ற அளவு தவறும்போதுதான் குறை பிறக்கிறது.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற வரலாறு புகாரியில் பதிவாகியுள்ளது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்த தோழரின் மனைவி பொலிவிழந்து காணப்பட்டார். நிலைமையை உணர்ந்த ஸல்மான் (ரலி), இறைவனுக்கும் உமது உடலுக்கும் உமது குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று அறிவுறுத்தினார். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

சற்றே சிந்தியுங்கள். இரவெல்லாம் நின்று வணங்குவதே குடும்பத்தாரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், இரவெல்லாம் சரக்குக் கணக்குப் பேசுவது பறிக்கலாமா?

வாடிக்கையாளரின் உரிமை எது?

வாடிக்கையாளருக்கும் நம்மீது உரிமை உண்டு. முதல் உரிமை உண்மை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழி.

மாத இறுதியில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். விற்பனை இலக்கு எட்டவில்லை. தெரிந்த மொத்த வியாபாரியிடம் சென்று, "இந்தச் சரக்கை எடுத்துக் கொள்ளுங்கள், விற்காவிட்டால் அடுத்த மாதம் திருப்பிக் கொள்கிறேன்" என்று தம்மால் நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடுத்து, தேவைக்கு மேல் தலையில் கட்டிவிடுகிறார் பிரதிநிதி. இலக்கு எட்டியாயிற்று. ஆனால் சரக்கு தூங்குகிறது, பணம் முடங்குகிறது. அடுத்த மாதம் அந்தக் கடைத் தெருவுக்குள் நுழையவே கால் கூசுகிறது. பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த உறவு ஒரு மாத இலக்குக்காகச் சிதைந்து போகிறது. இழந்த நம்பிக்கையை மீட்க மீண்டும் மீண்டும் அலைய வேண்டியதாகிறது. வீண் பயணங்களில் பல இவ்வாறு நாமே வரவழைத்துக் கொண்டவை.

இரண்டாவது உரிமை, அவருடைய நேரம். பிறர் இல்லத்தில் நுழைய அனுமதி கேட்கும்போது, திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்று அந்நூர் அத்தியாயம் போதிக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மருத்துவரின் அறை வாசலிலும் கடைக்காரரின் கல்லாப் பெட்டி அருகிலும் நிற்கும் சகோதரருக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? "இன்று இயலாது" என்றால் முகம் கோணாமல் ஸலாமோ வணக்கமோ கூறி விடைபெறுங்கள். அடுத்த முறை உங்களுக்குக் கதவு எளிதாகத் திறக்கும்.

மூன்றாவது, அன்பளிப்பில் நேர்மை. அன்பளிப்பு நேசத்தை வளர்க்கும் என்பது உண்மையே. ஆனால் ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பதவிக்காகத் தரப்படுவது அன்பளிப்பு ஆகாது. மருந்து நிறுவனங்கள் மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ சொந்தப் பயனுக்கான பரிசுகள் வழங்கலாகாது என்று இந்திய அரசு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட நடத்தை நெறியும் கூறுகிறது.

மூன்று நேரங்கள்

உண்மையும் மரியாதையும் நேர்மையும் வாடிக்கையாளரின் உரிமைகள். ஆனால் உங்கள் உறக்கம் அவருடைய உரிமையன்று.

அந்நூர் அத்தியாயம் இன்னோர் ஒழுக்கத்தையும் கற்பிக்கிறது. வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பணியாளரும் பருவமடையாத சிறுவரும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும். இவை தனிமைக்குரிய நேரங்கள் என்று இறைவனே வரையறுத்திருக்கிறான்.

பெற்ற பிள்ளையே அனுமதி கேட்க வேண்டிய நேரத்தில், சட்டைப் பையில் உள்ள கைபேசி மட்டும் அனுமதியின்றி நுழைகிறதே! இஷாவுக்குப் பின் வியாபார அழைப்பு இல்லை என்பதை வாடிக்கையாளர்களிடம் பணிவோடு சொல்லி வையுங்கள். "இரவு எட்டு மணிக்குள் பேசிவிடுங்கள், காலை ஒன்பது மணிக்கு நானே அழைக்கிறேன்" என்று சொல்லி, அந்த ஒன்பது மணி வாக்கைத் தவறாமல் காப்பாற்றுங்கள். காலையில் நிச்சயம் அழைப்பு வரும் என்று நம்புகிறவர் இரவில் தொல்லை கொடுக்க மாட்டார்.

பயணத்தைச் சுருக்கும் வழி

பயணம் வேதனையின் ஒரு பகுதி. அது உணவையும் நீரையும் உறக்கத்தையும் தடுக்கிறது. வந்த வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. விரைந்து திரும்புவதற்குத் திட்டம் வேண்டும்.

வாடிக்கையாளர்களை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளுங்கள். பெருமளவில் வாங்குவோரை மாதம் தவறாமல் நேரில் சந்தியுங்கள். நடுத்தர அளவில் வாங்குவோரை ஒரு மாதம் நேரிலும் மறு மாதம் தொலைபேசியிலும் கவனியுங்கள். எப்போதாவது வாங்குவோருக்குத் தொலைபேசியே போதும். எல்லாரையும் ஒன்றுபோல் சுற்றி வருவது சுறுசுறுப்பாகத் தோன்றும், பயனோ குறைவு.

ஊர்களை வட்டமாக அமைத்துக் கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து புறப்படுபவர் புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை, திண்டுக்கல் என்று சுற்றித் திரும்பினால் ஒரே சாலையில் இருமுறை அலைய வேண்டியதில்லை. பாக்கி வசூலை மாத முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டால் கடைசி வாரம் நெருக்காது. அன்றாட அறிக்கையை அன்றைய கடைசிக் கடையை விட்டு வெளியே வந்ததும் எழுதி முடியுங்கள். அதை வீட்டுக்குச் சுமந்து வராதீர்கள்.

வெள்ளிக்கிழமையை முதலில் குறித்துவிட்டு மற்ற நாள்களை வகுத்துக் கொள்ளுங்கள். பயணிக்கு ஜுமுஆ கடமையில்லை என்ற சலுகை இருக்கிறது. அதையே வழக்கமாக்கிக் கொண்டு வாரந்தோறும் கடைத் தெருவில் நிற்பது அழகன்று. பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிடுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி இறையருளைத் தேடுமாறும் கூறும் மார்க்கம் நம்முடையது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழலாம். ஷாபிஈ மத்ஹபினர் இரு தொழுகைகளைச் சேர்த்தும் தொழலாம்; ஹனபி மத்ஹபில் அவ்வாறு சேர்ப்பதில்லை. விவரங்களை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டுக் கொள்ளுங்கள்.

உடலின் உரிமை

பகலெல்லாம் நின்று பேசுவது, இரவெல்லாம் பேருந்தில் சாய்ந்து உறங்குவது, கிடைத்த வேளையில் கிடைத்ததை உண்பது என்று பல சகோதரர்கள் உடலை வாடகை வண்டிபோல் ஓட்டுகின்றனர். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இரத்தக்குழாய் அடைப்பு இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக அறிவித்தன. உடல் நம்மிடம் விடப்பட்ட அமானத் என்பதை மறந்துவிடலாகாது.

நண்பகலில் சிறிது நேரம் கண்ணயரும் 'கைலூலா' நம் மார்க்கத்தில் அறியப்பட்ட பழக்கம். கடைக்காரர்கள் உணவுக்குச் செல்லும் அந்த நேரத்தில் ளுஹர் தொழுதுவிட்டு இருபது நிமிடம் இளைப்பாறுங்கள். தூக்கக் கலக்கத்தோடு இரவில் வாகனம் ஓட்டி வீடு திரும்ப முயலாதீர்கள். ஓர் இரவு தாமதமாக வந்தாலும் உயிரோடு வரும் அத்தாவே பிள்ளைக்குத் தேவை.

ஓய்வு என்பது சோம்பலன்று. சட்டமும் ஏற்றுக் கொண்ட உரிமை. இந்திய நாடாளுமன்றம் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென 1976-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. பணியாற்றிய காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கை முழுச் சம்பள விடுப்பாகவும், பதினெட்டில் ஒரு பங்கை அரைச் சம்பள மருத்துவ விடுப்பாகவும் அது அளித்தது. அச்சட்டம் 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது. தமக்குரிய விடுப்பைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டியதில்லை.

வீட்டாரின் உரிமை

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் கலந்தாலோசித்து, படைவீரர் எவரும் நான்கு திங்களுக்கு மேல் - சில அறிவிப்புகளில் ஆறு திங்களுக்கு மேல் - குடும்பத்தைப் பிரிந்திருக்கலாகாது என்று விதித்தார்கள். ஒரு பேரரசின் படை நடவடிக்கையே ஒரு பெண்ணின் பெருமூச்சுக்காகத் திருத்தி அமைக்கப்பட்டது.

நீங்கள் ஊரில் இல்லாத நாள்களில் பள்ளிக்கட்டணம், காய்ச்சல், மின்கட்டணம், முதியோரின் மருந்து ஆகிய அனைத்தையும் தனியே தாங்குபவர் உங்கள் மனைவி. நீங்கள் களைத்துத் திரும்பும்போது அவரும் களைத்தே இருக்கிறார். உங்களுக்கு மட்டும் ஓய்வு வேண்டும் என்று எண்ணாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நாள்களில் ஒரு நாளாவது பிள்ளைகளையும் அடுப்படியையும் நீங்கள் பார்த்துக் கொண்டு அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்து வேலைகளில் உதவி செய்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

நெடும்பயணம் சென்றவர் முன்னறிவிப்பின்றி இரவில் திடீரென்று வீட்டுக் கதவைத் தட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. வரும் நேரத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். வந்த முதல் ஒரு மணி நேரம் கைபேசியை அலமாரியில் வைத்துவிடுங்கள். மாதத் தொடக்கத்தில் குடும்பத்தாரோடு அமர்ந்து மஷூரா செய்து, பயண நாள்களை நாள்காட்டியில் வட்டமிட்டுக் காட்டுங்கள். வட்டமிடாத நாள்கள் அவர்களுடையவை.

முதலாளிமார்களுக்கு ஒரு சொல்

பிரதிநிதிகளைப் பணியில் வைத்திருக்கும் வணிகப் பெருமக்களும் இவ்விதழைப் படிக்கிறீர்கள். ஊழியர் மீது அவர் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிவழி. எட்டவே இயலாத இலக்கை நிர்ணயித்துவிட்டு ஊழியர் பொய் பேசுகிறார் என்று வருந்திப் பயனில்லை. நள்ளிரவில் கணக்குக் கேட்காதீர்கள். பயணப்படியை நிலுவையின்றிக் கொடுங்கள். மனநிறைவோடு புறப்படும் ஊழியரே உங்கள் பெயரை ஊர் ஊராகக் காப்பாற்றுவார்.

மகளின் கேள்வி

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஒரு தாய் தம் சிறுவனை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தர எண்ணினீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூதில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புவதாகச் சொன்ன தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். தவறினால் மன்னிப்புக் கேட்கிறோம். பிள்ளையிடம் சொன்ன தேதியை எங்கே எழுதுகிறோம்? அவளும் நம்மை நம்பிக் காத்திருப்பவள்தானே!

அடுத்த முறை பெட்டியைக் கட்டும்போது மகள் கேட்டால், தொலைபேசி ஒலித்துக் கொண்டிருக்கட்டும். அவளை மடியில் அமர்த்தி, "நான்கு இரவு, இன்ஷா அல்லாஹ், வியாழன் மஃரிபுக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள். வியாழன் மஃரிபுக்கு வந்துவிடுங்கள்.

நம் சம்பாத்தியத்தில் ஹலாலையும், பயணத்தில் பாதுகாப்பையும், இல்லங்களில் அமைதியையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.